தாழ்வார நிழலில் ஒரு குத்துப் புல்

மண்ணும் கையும்: வாசகர் கேள்விகளுக்குத் தோட்டக்கார அக்காவின் பதில்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, சிங்கப்பூர் ஈசூனில் நான்காவது மாடியில் இருக்கிறோம். தாழ்வாரம் வடக்கே பார்த்தது. எதிர் புளோக் மறைப்பதால் காலையில் அரை மணி நேரம்தான் வெயில் விழும். நாற்றுப்பண்ணையில் சிவப்பு இலை அலங்காரப் புல்லை இரண்டு முறை வாங்கினேன், இரண்டு முறையும் அடி அழுகிச் செத்துவிட்டது. இந்த ஊரிலேயே பிறந்த, குத்தாக வளர்கிற, நிழல் தாங்குகிற சின்னப் புல் ஏதாவது உண்டா? தொட்டியில் புல் வளர்க்கிறேன் என்றால் என் மகன் சிரிக்கிறான். (ஈசூன் வாசகி)

பதில்: தங்கச்சி, செத்துப்போன அந்தச் சிவப்புப் புல் எதுவென்று எனக்குப் புரிகிறது. நரிவால் மாதிரிப் பூ விட்டு, சாலை நடுத்திட்டுகளில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்குமே, அதுதான். நாள் முழுக்க வெயில் கேட்கிற சாதி அது. அரை மணி நேர வெயிலில் தண்ணீரையும் தினம் ஊற்றினால் அடி அழுகத்தான் செய்யும். உங்கள் கையில் தப்பில்லை. அந்த இடம் அதற்கானது இல்லை.

உங்கள் தாழ்வாரத்துக்கென்றே ஒரு புல் இருக்கிறது. அறிவியல் பெயர் லோஃபாதெரம் கிராசிலே. அதற்கு நம் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயரை நான் கேட்டதில்லை, அதனால் என் வீட்டில் 'மூங்கில் புல்' என்றே சொல்லி வருகிறோம். மூங்கில் இலையை எடுத்து மென்மையாக்கிச் சின்னதாக்கினால் எப்படி இருக்கும், அப்படியே இருக்கும் இதன் இலை. ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெடுக்கு நரம்புகளுக்கு நடுவே குறுக்கு நரம்புகளும் ஓடி, சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியும். சாதாரணப் புல் இலையில் அப்படிப் பார்க்க முடியாது. இந்தியாவிலிருந்து ஜப்பான் வரைக்கும், தெற்கே ஆஸ்திரேலியாவின் வடக்கு வரைக்கும் பரவியிருக்கிற புல் இது. நம் சிங்கப்பூர்க் காடுகளிலும் மர நிழலில் தானாக வளர்கிறது. மரக் கூரைக்கு அடியில் பிறந்ததால் நிழல் அதற்குக் குறையே இல்லை. முழு வெயிலில் வைத்தால்தான் இலை வெளுத்து ஓரம் கருகும். முழங்கால் உயரம், பூத்தண்டு எழும்பினால் இன்னும் கொஞ்சம். அடியில் கொத்தாக நிற்குமே தவிர, ஓடிப் பரவாது.

எங்கள் புளோக்கில் எதிர் வீட்டுச் சீன ஆச்சிதான் முதலில் இதை அடையாளம் கண்டார். தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து ஓர் இலையைத் தடவிப் பார்த்து, "தான் சூ யே" என்றார். சீன மருந்துக்கடையில் காய்ந்த இலையாக விற்கிறார்களே, உடம்புச் சூட்டுக்குக் காய்ச்சிக் குடிக்கும் சரக்கு, அதுவேதான். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அம்மா காய்ச்சிக் கொடுப்பாராம். ஆனால் உயிரோடு, வேரோடு நிற்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். அதற்கப்புறம் ஒரு வாரம், நான் இல்லாத நேரத்திலும் அவர் அந்தத் தொட்டியை வந்து பார்த்துக்கொண்டிருந்ததாக என் வீட்டுக்காரர் சொன்னார். (மருந்தாகக் குடிப்பதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். அதை அந்தத் துறை தெரிந்தவரிடம் கேளுங்கள்.)

சரி, நடுவதற்கு வருவோம். உங்கள் பழைய புல் அழுகியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் கிராமத்திலிருந்து வந்தவர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் புல் வெட்டும் வேலை. 1971ல் பிரிட்டிஷார் தளத்தை விட்டுப் போனபோது எனக்கு 13 வயது. அதுவரைக்கும் நாங்கள் தளத்துக் குடியிருப்பில்தான் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் நாலு முழ இடத்தில் அப்பா எதையாவது நட்டுக்கொண்டே இருப்பார். எதை நட்டாலும் அவருடைய பேச்சு நெல்லிலேயே போய் முடியும். "நாத்த ஆழமா அமுக்காத, ஆழமா அமுக்கினா தூர் கட்டாது" என்பார். ஒரு நாற்று பக்கவாட்டில் புதுத் தண்டுகளை வெடித்து ஒரு குத்தாகப் பெருப்பதைத்தான் தூர் கட்டுவது என்று நெல்காரர்கள் சொல்வார்கள். வேரும் தண்டும் சேருகிற அந்தக் கழுத்து மண்ணுக்கு மேலாக இருந்தால்தான் அது நடக்கும்.

அந்த வயதில் அது எனக்கு நெல்லுக்கான பேச்சாகத்தான் காதில் விழுந்தது. பிற்பாடு தாம்சன் சாலைப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் 19 ஆண்டு வேலை பார்த்தபோதும், புல் வகைகள் என் கைக்கு அதிகம் வரவில்லை. வேலையை விட்ட பிறகு, 2014ல், சமூகத் தோட்டத்துத் தோழி ஒருத்தி ஈரச் செய்தித்தாளில் சுற்றி மூன்று தண்டு கொடுத்தாள். சாயாமல் நிற்கட்டும் என்று ஆழமாகப் புதைத்தேன். சத்து வேண்டுமே என்று மக்கு உரத்தைக் கழுத்து வரைக்கும் குவித்தேன். மூன்றாவது வாரம் ஒரு தண்டைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தது. அன்றைக்குத்தான் அப்பா சொன்னதன் அர்த்தம் எனக்குள் இறங்கியது. மீதி இரண்டு தண்டையும் எடுத்துக் கழுவி, கழுத்து மண் மட்டத்தில் தெரியும்படி மேலாக நட்டேன். ஒன்று பிழைத்தது. இன்று என் தாழ்வாரத்தில் இருக்கிற ஆறு தொட்டியும் அந்த ஒரு தண்டின் பிள்ளைகள்தான்.

அதனால், நடும்போது கழுத்தை மூடாதீர்கள். தண்டு ஆடினால் பக்கத்தில் ஒரு சின்னக் குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். புது வேர் பிடித்ததும் குச்சியை எடுத்துவிடலாம்.

தொட்டி ஒரு சாண் வாய் இருந்தால் போதும். பெரிய தொட்டி வேண்டாம். சின்ன வேரைச் சுற்றிப் பெரிய ஈர மண் இருந்தால் அது காயாது, நிழலில் இன்னும் காயாது. ஆனால் ஆழம் கொஞ்சம் இருக்கட்டும். இந்தப் புல்லின் வேர்களில் நடுநடுவே, நடு பருத்து முனை ஒடுங்கிய சின்னக் கிழங்குகள் இருக்கும். மண் கலவைக்கு நான் போடுவது இது: நாற்றுப்பண்ணையில் மூட்டையில் விற்கும் சுட்ட மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைக்குப்பை ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி பெர்லைட் (மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும் வெள்ளைக் கல் துகள்). காட்டுத் தரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இலைக்குப்பை, உள்ளே காற்று, எப்போதும் லேசான ஈரம், ஆனால் எங்கேயும் தண்ணீர் தேங்காது. கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

தண்ணீரை நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை முதல் கணு வரைக்கும் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும்போது தாழ்வாரத்துக்குள்ளேயே சாரல் வரும். அப்போது நான் பல நாள் குவளையைத் தொடுவதே இல்லை. பிப்ரவரியில் மழை விட்டு வறண்ட காற்று வீசும். இலை நீளவாக்கில் சுருண்டால் தாகம் என்று அர்த்தம், அந்த மாதம் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருங்கள்.

அடித்தட்டு வைக்கவே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஊற்றிய தண்ணீர் வடிந்ததும் அதைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். தொட்டி மண் மேலே இறுகிப்போனாலும் அதன்மேல் தண்ணீர் நிற்கும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவே போதும். வாரம் ஒரு தரம் முள்கரண்டியால் மேல் மண்ணைக் கிளறிவிடுங்கள், கழுத்தைக் குத்தாமல். என் புளோக்கில் டெங்கிக் காய்ச்சல் வந்த ஆண்டு எதிர் வீட்டு ஆச்சி நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொன்று. தாழ்வாரத்தில் ஆள் நடந்து போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கக் கூடாது, விழுந்தால் கீழே ஒரு பிள்ளையின் தலை இருக்கும். வீட்டுச் சுவரை ஒட்டித் தரையில் ஒரு வரிசை, அவ்வளவுதான் நமக்குள்ள நிலம். இந்தப் புல் அதற்குள் அழகாக அடங்கும்.

உரம் மிகக் கொஞ்சம் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மேசைக்கரண்டி மக்கு உரத்தைத் தொட்டியின் ஓரத்தில் தூவுகிறேன். அதிகமாகப் போட்டால் இலை நீண்டு தொளதொளவென்று சாயும், மாவுப்பூச்சி வந்து கணுக்களில் உட்காரும். வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், போதும்.

கத்தரிப்பதுதான் பலர் தப்பாகச் செய்வது. புல் என்றதும் மேலே ஒரே மட்டமாக வெட்டத் தோன்றும். புல்வெளிக்கு அது சரி. புல் அடியிலிருந்து வளர்வதால் நுனியை வெட்டினாலும் சாகாது. ஆனால் இந்தப் புல்லின் இலை அகலமானது. நடுவில் வெட்டினால் வெட்டிய விளிம்பு பழுத்து, பல வாரத்துக்கு அசிங்கமாக நிற்கும். காய்ந்த இலையை மட்டும் அடியோடு கிள்ளுங்கள். காய்ந்த தண்டைக் கழுத்துக்கு ஒரு விரல் மேலே நறுக்குங்கள்.

பூ வரும். பெரிதாக ஒன்றும் இல்லை, பச்சைத் தண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதிர். எனக்கு அதுவும் பிடிக்கும். விதை முதிர்ந்தால் அதன் முனையிலுள்ள சின்ன முள்ளெல்லாம் துணியில், பூனை முடியில் ஒட்டிக்கொள்ளும். காட்டில் விலங்குகள்மேல் ஏறிப் போக அதுதான் வழி. தாழ்வாரத்தில் அண்டை வீட்டாரின் சேலையில் ஏறும். அதனால் கதிர் பழுக்கத் தொடங்கும்போதே தண்டை வெட்டிவிடுகிறேன். விதை வேண்டுமென்றால் ஒரு தண்டை மட்டும் விட்டு வையுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டில் தொட்டி நிறைந்து நடுப்பகுதி வெறிச்சோடும். அப்போது தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறி, இரண்டு மூன்று தண்டுக்கு ஒரு பங்காகக் கையாலேயே பிரியுங்கள். கத்தி வேண்டாம், கிழங்கு வெட்டுப்படும். ஒவ்வொரு பங்கிலும் வேரும் ஓரிரண்டு கிழங்கும் இருக்கட்டும். இலையைப் பாதியாகக் குறைத்து நட்டு, இரண்டு வாரம் சாரல் படாத இடத்தில் வையுங்கள். (மேலே வெட்டக் கூடாது என்று சொன்னேனே என்று கேட்பீர்கள். பிரித்த அன்றைக்கு மட்டும் வெட்டலாம், வேர் குறைந்திருக்கும்போது அத்தனை இலையை அதால் தாங்க முடியாது.)

எங்கே கிடைக்கும்? காட்டிலிருந்து மட்டும் பிடுங்காதீர்கள். இயற்கை வனப்பகுதியிலிருந்து ஒரு செடியை எடுப்பதும் சட்டப்படி குற்றம். குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நம் ஊரில் மிச்சமிருக்கிற காடு கொஞ்சம். அதன் தரையில் நிற்கிற ஒவ்வொரு குத்தும் அங்கேயே இருக்கட்டும். உள்ளூர்ச் செடிகள் வைத்திருக்கிற நாற்றுப்பண்ணையில் அறிவியல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சமூகத் தோட்டத்துக்காரர்களிடமும் கேளுங்கள், எனக்குக் கிடைத்தது அப்படித்தான். ஒரு வழியும் இல்லையென்றால் பத்திரிகைக்கு எழுதுங்கள். வருகிற பிப்ரவரியில் ஒரு தொட்டியைப் பிரிக்கப்போகிறேன், உங்களுக்கு மூன்று தண்டு எடுத்து வைக்கிறேன்.

உங்கள் மகனுக்கு ஒரு செய்தி. புளோக்கைச் சுற்றி அவர் பந்து விளையாடி வளர்ந்த அந்த அகல இலைப் புல், மாட்டுப்புல், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இந்த ஊர்க் காட்டிலேயே பிறந்த இந்தப் புல்லை அவர் ஒரு தரம் கூடத் தொட்டிருக்க மாட்டார். உங்கள் தொட்டியில்தான் தொடப்போகிறார்.

கேள்வி: லாலான் புல்லும் தர்ப்பையும் ஒன்றுதான் என்கிறார்கள். அப்பாவின் திதிக்கு ஆகும் என்று பால்கனியில் வளர்க்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: தம்பி, தர்ப்பை என்ற பெயரில் நம் ஊர்ப் பக்கம் இரண்டு புல் வழங்குகிறது. ஒன்று இங்கே லாலான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் புல்லேதான், வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூக்கும். மற்றொன்று வறண்ட மணல் நிலத்தில் வளர்வது, வேறு இனம். ஆக, நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி.

ஆனால் லாலான் குத்தாக நிற்கிற புல் அல்ல. மண்ணுக்கடியில் வெள்ளை வேர்த்தண்டு ஊசி மாதிரிக் கூர்முனையோடு ஓடும். ஒரு விரற்கடைத் துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும். அப்பா கடற்படைத் தளத்தில் அதை வெட்டி வெட்டிக் கை காய்த்துப்போனவர். "மேல வெட்டுறது அதுக்கு முடி வெட்டுற மாதிரி, அடியில உள்ளத எடுக்கணும்" என்பார். வளர்த்தே ஆக வேண்டுமென்றால் வெயில் விழும் இடத்தில் கனமான மண் தொட்டியில், தரையைத் தொடாமல் மேடை மேல் வையுங்கள். பூ விடும் முன்பே தண்டை வெட்டிவிடுங்கள், பஞ்சு பறந்தால் கீழே இருக்கிற சமூகத் தோட்டத்தில் போய் இறங்கும். மண்ணை மாற்றும்போது பழைய மண்ணைப் புல்தரையில் கொட்டாதீர்கள், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு திதிக்கு இவ்வளவு காவல் காக்க வேண்டுமா என்று யோசியுங்கள். சிராங்கூன் சாலையில் பூசைப் பொருள் விற்கும் கடைகளில் காய்ந்த தர்ப்பைக் கட்டு கிடைக்கிறது. அப்பா நினைவாக ஒரு செடி இருக்கட்டும் என்பதுதான் உள்ளே இருக்கும் ஆசை என்றால், அவருக்குப் பிடித்த செடி எதுவென்று அம்மாவிடம் கேட்டு அதை வையுங்கள்.

கேள்வி: செராய் (எலுமிச்சைப் புல்) தொட்டியில் நன்றாக இருந்தது. இப்போது நடுவெல்லாம் காய்ந்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய தண்டு. உரம் போட்டும் தேறவில்லை. (தெம்பனிஸ் வாசகி)

பதில்: உரக் குறை இல்லை, இடக் குறை. செராயும் தூர் கட்டுகிற புல்தான், வெளிப்பக்கமாகவே பெருத்துக்கொண்டு போகும். தொட்டிச் சுவர் வந்ததும் போக இடமில்லை. முழுக் குத்தையும் வெளியே எடுங்கள். வேர் தொட்டி வடிவத்துக்கே இறுகியிருக்கும், இதற்குக் கத்தி எடுக்கலாம். காய்ந்த நடுவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓரத்தில் தடித்த தண்டாக ஐந்தாறு பொறுக்கி, இலையை ஒரு சாணாகக் குறைத்துப் புது மண்ணில் நடுங்கள். இதுவும் மேலாக. செராய்க்கு அரை நாள் வெயிலாவது வேண்டும், நிழலில் தண்டு பருக்காது. சமையலுக்கு எடுக்கும்போது வெளித் தண்டை அடியோடு முறுக்கிப் பிடுங்குங்கள், நடுவில் உள்ள இளசை விடுங்கள். இலை ஓரம் தோலைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளை உள்ள வீடென்றால் தொட்டியை நடைபாதைப் பக்கம் வைக்க வேண்டாம்.

கேள்வி: சமூகத் தோட்டத்தில் நிழலான மூலையில் உள்ள புல்லின் இலையை ஏதோ ஓரமாகக் கடித்து வைக்கிறது. பகலில் எதுவும் கண்ணில் படவில்லை. மருந்து அடிக்கலாமா? (புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

பதில்: அடிக்காதீர்கள் ஐயா. இருட்டியபின் டார்ச் விளக்கோடு போய் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். மெலிந்த புழு, தலையில் பூனைக்காது மாதிரி இரண்டு சின்னக் கொம்பு, வாலும் இரண்டாகப் பிரிந்திருந்தால், அது பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பிள்ளை. இறக்கையில் கண் கண்ணாகப் புள்ளி வைத்து, நிழலில் தரையை ஒட்டித் தாவித் தாவிப் பறக்குமே, அந்தக் கூட்டம். அவை புல்லில்தான் முட்டை இடும், வேறு இலை அந்தப் புழுவுக்கு ஆகாது. நாலு இலை போனால் குத்துக்கு ஒன்றும் ஆகாது, அடியிலிருந்து மறுபடி வரும். சில நாளில் இலைக்கடியில் கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும். தண்ணீர் ஊற்றும்போது அந்த இலையை மட்டும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.